கண்ணாடியில் இருந்த முத்திரை

நீத், வேல்ஸ்
வியாழக்கிழமை, 18 ஆகஸ்ட் 1994

அன்புத் தங்கை லவ்ரிக்கு,

நெரிஸ் எழுதுகிறேன். தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடாதே. துருக்கியில், அன்டால்யாவில் உள்ள நம் தூதரக அலுவலகத்துக்கு இதை ஃபேக்ஸில் அனுப்புகிறேன். அங்கே வேலை செய்யும் மிசஸ் கார்பெட் நாளைக் காலை ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கையில் கொடுப்பதாகச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு நான் போன் செய்தால் நீதான் பேச வருவதில்லையே.

உன் கணவர் எம்ரிஸுக்கு மூச்சுத் திணறல் குறைந்ததா? ஏதாவது சாப்பிடுகிறாரா? நீ ஒரு வாரமாக வார்டுக்கு வெளியே பெஞ்சில்தான் படுக்கிறாய் என்று மிசஸ் கார்பெட் சொன்னார். கேட்டதிலிருந்து எனக்கு என் கட்டிலில் படுக்க மனம் வரவில்லை. உன் வீட்டுத் தக்காளிச் செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். பால்காரரிடம் பால் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

உங்களோடு வந்த பதினேழு பேரும் அங்கே இங்கே கடன் வாங்கி, வேறு விமானங்களில் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்களில் மிசஸ் பேனன் நேராக என் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "உன் கடைக் கண்ணாடியில அந்தப் பயண முகவர் சங்கத்து முத்திரைய பாத்துத்தானே நெரிஸ் நாங்க பணம் கட்டினோம்? திரும்பற விமானம் வரலைன்னதும், சங்கத்துக்காரங்க லண்டன்ல இருந்து வேற விமானம் அனுப்பிடுவாங்கன்னு ரெண்டு நாள் ஏர்போர்ட் தரையில உக்காந்திருந்தோம். அந்த மனுஷன் எம்ரிஸ் எங்க கண்ணு முன்னாடியே சுருண்டு விழுந்தாரு" என்றார். என் மேஜையில் இருந்த விளம்பரத் தாள்களை ஒரே கையால் தரையில் தள்ளிவிட்டுப் போனார். நான் இன்னும் அவற்றைப் பொறுக்கவில்லை.

போன வாரம் நீ கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் சொல்கிறேன். "அக்கா, பயண முகவர் சங்கத்துப் பட்டியல்ல உன் கடை பேரே இல்லையாமே. பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லு" என்று அழுதாய். நீ போனை வைத்துவிட்டாய்.

அது பொய் இல்லை, லவ்ரி. மார்ச் மாதமே என் உறுப்பினர் உரிமை போய்விட்டது. சங்கம் கேட்ட உத்தரவாதத் தொகையை என்னால் கட்ட முடியவில்லை. முத்திரையை எடுத்துவிடும்படி கடிதம் போட்டார்கள். ஒரு நாள் கத்தியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைச் சுரண்டப் போனேன். அப்போது பார்த்து ஒரு கணவனும் மனைவியும் உள்ளே வந்து துருக்கியைப் பற்றிக் கேட்டார்கள். கத்தியை இழுப்பறையில் போட்டேன். கோடைக்காலம் முடிந்ததும் கட்டிவிடலாம், அதற்குள் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். எனக்கு விமானம் பிடித்துக் கொடுத்த தரகன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டு ஓடுவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. சொந்தத் தங்கையையும் அந்தப் பயணத்தில்தான் அனுப்பினேன். இதற்கு மேல் என்னை நானே என்ன சொல்லித் திட்டுவது?

காப்பீட்டுக்காரர்கள், போன வருடத்து நெஞ்சு வலியை எம்ரிஸ் படிவத்தில் எழுதவில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். வெளியுறவு அலுவலகத்தில், வந்து பார்ப்போம், டாக்டரிடம் பேசுவோம், வீட்டுக்குத் தகவல் சொல்வோம், ஆனால் ஊருக்குக் கொண்டுவரும் செலவு எங்களுடையது அல்ல என்றார்கள். கடைசியில் நேற்று லண்டனுக்கு ரயில் ஏறி, சங்கத்து அலுவலகத்துக்கே போய்விட்டேன்.

அங்கே லாத்பரி என்ற அதிகாரி. மரியாதையான மனிதர். "நீங்க எங்க உறுப்பினரா இருந்திருந்தா அன்னைக்கே வேற விமானம் பாத்திருப்போம், அம்மா. இப்ப விதியில இடமில்லையே" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. முத்திரையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இத எழுத்துல கொடுத்தீங்கன்னா நான் போலீஸுக்கு அனுப்பியே ஆகணும். வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? அவரிடமே தாள் வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிப் படித்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, தனக்குத் தெரிந்த ஒரு விமானக் கம்பெனியைக் கூப்பிட்டார். அதற்கு அடுத்து இன்னொன்று. மூன்றாவது கம்பெனி, கட்டணம் வேண்டாம், சரி என்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அன்டால்யாவிலிருந்து கார்டிஃபுக்கு ஒரு விமானம் வருகிறது. பின்பக்கத்து இருக்கைகளை மடக்கி, எம்ரிஸ் படுத்தபடியே வர இடம் செய்வார்கள். ஒரு நர்ஸ் கூட வருவார். பக்கத்தில் உனக்கு ஒரு இருக்கை. எம்ரிஸ் பயணம் செய்யலாம் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். நீயும் சம்மதம் எழுதித் தர வேண்டும். சனிக்கிழமை மதியத்துக்குள் இரண்டும் மிசஸ் கார்பெட் கையில் சேராவிட்டால் இடம் போய்விடும்.

"உன் கையால தண்ணிகூட வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாயாம். நியாயம்தான். ஆனால் இந்த இடத்தை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடாதே. இதை நான் கொடுக்கவில்லை. என்னை இதற்கு முன் பார்த்தேயிராத ஒரு மனிதர் கொடுத்தது. உன் கோபத்தை அப்படியே வைத்துக்கொள். ஆயுசுக்கும் வைத்துக்கொள். எம்ரிஸை மட்டும் அங்கேயே விட்டுவிடாதே.

திங்கட்கிழமை நான் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கார்டிஃபில் இருப்பேன். உன் கண்ணில் படமாட்டேன். ஆம்புலன்ஸ் கதவு மூடுகிற வரை தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன். எம்ரிஸ் உயிரோடு வந்து சேரட்டும், உன் கை அவர் கையிலேயே இருக்கட்டும். கடவுளிடம் வேறெதையும் கேட்க எனக்கு வாயில்லை.

கையெழுத்துப் போடு, லவ்ரி. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

இன்னும் உன் அக்கா என்று எழுத அனுமதிப்பாயா என்று தெரியாமல்,
நெரிஸ்