படியில் கொட்டிய பொங்கல்

ஜனவரி 4

பொங்கல் கமிட்டிக்கு இந்த வருடமும் நான்தான் தலைவர். கல்கத்தா டாலிகஞ்ச் காலனியில் பதினெட்டுத் தமிழ்க் குடும்பம். இந்த மருதமுத்துவை எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடையாது. (எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் அனுராதா எழுதுகிறாள். இந்த இடத்தில் சிரிக்கிறாள். எதற்கோ.)

முற்றத்தில் ஒரே பெரிய அண்டாவில் பொங்கி, மாடி ஹாலுக்குத் தூக்கிப் போவது என்று முடிவு செய்தேன். பேங்கில் வேலை பார்க்கும் ஜெயபிரகாஷ், "மாமா, ரெண்டு சின்ன அண்டாவா வச்சா தூக்க லேசு" என்றான்.

"பேனா பிடிக்கிற கைக்கு எல்லாமே கனம்தாம்ப்பா. கப்பல் பட்டறையில நாப்பது டன் தகடு எறக்குனவன் நான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் சுண்டிப் போனது.

ஜனவரி 11

கமிட்டிக் கூட்டத்தில், பாத்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பத்மஜா அண்டாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். வாயை அடைத்தேன். கூட்டம் பத்தே நிமிடத்தில் முடிந்தது. என் தலைமையில் எல்லாமே வேகம்.

ஜனவரி 15

பால் அழகாகத்தான் பொங்கியது. அண்டாவின் பிடி வளையங்களில் மூங்கிலை நுழைத்து, மேல்பக்கம் காலனிப் பையன் விக்ரம், கீழ்ப்பக்கம் ஜெயபிரகாஷ். நான் மாடியில் நின்று கைகாட்டினேன் — ஏற்று, இன்னும் ஏற்று.

ஆறாவது படியில் ஒரு வளையம் கழன்றது. அத்தனை பொங்கலும் படியில். ஜெயபிரகாஷின் இடது பாதத்தில், கொதிக்கக் கொதிக்க.

கீழ்வீட்டு வங்காளி ரஞ்சன் எட்டிப் பார்த்து (அண்ணனுக்கு அவர்கள் 'தா' என்பார்கள்), தனக்குத் தெரிந்த தமிழில், "மருதுதா, இந்த வருஷம் படிக்குத்தான் முதல் பந்தியா?" என்றார். வலியோடு ஜெயபிரகாஷ்கூடச் சிரித்துவிட்டான். எனக்குத்தான் வரவில்லை.

ஜனவரி 16

வளையம் ஆடுவதைப் பத்மஜா அண்டாவைக் கழுவும்போதே பார்த்தாளாம்; அன்று கூட்டத்தில் சொல்ல வந்தது அதைத்தானாம். விக்ரம் மூங்கிலை நுழைக்கும்போது பார்த்தானாம். என் பெண்டாட்டி நாகம்மாவும்!

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க? கடிச்சுல்ல வச்சிருப்பீங்க."

மூணு பேரு பாத்திருக்காங்க. மூணு வாயையும் அடைச்சது யாரு? நான்தானே?

ஜனவரி 19

சாயங்கால டீக்கு ஜெயபிரகாஷ் வரவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். கால் காரணமா, நான் காரணமா?

பட்டறையில் கிரேனுக்கு 'ஏற்று', 'இறக்கு' என்று கைகாட்ட ஒருவனுக்குத்தான் உரிமை. ஆனால் 'நிறுத்து' என்று எவன் கை தூக்கினாலும் நிறுத்த வேண்டும். எண்பத்து நாலு, ஆகஸ்ட், நல்ல மழை. பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறவர் கை தூக்கினார். நிறுத்திப் பார்த்தால் கம்பிக்கயிறு பிரிந்துகொண்டிருந்தது. கீழே எட்டுப் பேர் நின்றோம். தேதி, மழை எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த விதி மட்டும் எப்படி மறந்தது?

ஜனவரி 20

அவன் வீட்டுக்கே போனேன். "தப்பு என்னுதுதாம்ப்பா. உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

கட்டுக்காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, "மேக்னா, போனை எடுத்துட்டு வா! மாமா, இன்னொரு தடவை சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறோம்" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

சொன்னேன். போனில் சரியாகப் பதியவில்லை என்றாள் மேக்னா. மூன்றாவது தடவையும் சொன்னேன். தலைவர் வேலையை நீயே வைத்துக்கொள் என்றதற்கு, "ஐயோ, யாரு மாமா திட்டு வாங்குறது?" என்றான். பட்டறை விதியைச் சொன்னேன். காலனிக்கும் இனி அதுதான்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. இரண்டு சின்ன அண்டாவில் பாயசம். படியேறுவதற்குள் நான்கு தடவை 'நிறுத்து'. பத்மஜா மூடி சரியில்லை என்றாள், சரிதான். நாகம்மா நிறுத்தியது சேலை தடுக்கியதால். ரஞ்சன் நிறுத்தியது போட்டோவுக்கு.

கடைசிப் படியில், மூங்கிலைத் தோளில் வைத்தபடியே ஜெயபிரகாஷ் கை தூக்கினான். எல்லோரையும் நிறுத்தி, இறங்கிப் போய் நான்கு வளையத்தையும் ஆட்டிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தன.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல மாமா. நிக்கிறீங்களான்னு பாத்தேன்."

பாயசம் ஆறிவிட்டது. இரண்டு டம்ளர் குடித்தேன்.