மிசிசாகாவில் பார்த்த ரிவால்வர்

2019 மே 11, சனி

குறிசுடும் போட்டிகளுக்காக ஒரு பழைய ரிவால்வர் வாங்கலாமென்று மிசிசாகாவிலுள்ள பாலா அண்ணை வீட்டுக்குப் போனேன். தேநீரை இடக்கையால் நீட்டினார். ரிவால்வரையும் இடக்கையால்தான் நீட்டினார். மரியாதை தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோர்ச் வெளிச்சம் அடித்துக் குழலில் துருத் தேடினேன். தோட்டா உருளையை ஆட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

"சுடுற மாதிரி ஒருக்காப் பிடிச்சுப் பாருமன், தம்பி."

"உது எனக்குத் தெரியாததே, அண்ணை? நான் எடுக்கிறன்."

பத்திரத்தில் கையெழுத்து வைத்தபிறகுதான் பிடித்தேன். மரப்பிடி இடக்கைக்கென்றே செதுக்கப்பட்டிருந்தது. அதற்குமேல் வேண்டாமென்று சொல்ல வெட்கமாக இருந்தது.

எப்படியும் பழகத்தானே வேண்டும். இரவுச் சாப்பாட்டில் இடக்கையால் சோற்றைப் பிசைந்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இஞ்சரப்பா, உது என்ன பழக்கம்? கொஞ்சமும் மரியாதை தெரியாதே?"