சுஜி வைத்த பெயர்

அக்டோபர் 8, 2024, செவ்வாய். தாம்பரம்

பெட்டி இருபத்து மூன்று கிலோ. அதில் பாதிக்கு வடகமும் ஊறுகாயும்தான், என் மனைவி ரத்தினபாயின் வேலை. நாளை விமானம். மகள் சுஜியைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம், ஏழு மாதக் கர்ப்பத்தில், அவள் குழந்தை வயிற்றிலேயே இறந்தபோது எங்களால் உடனே கிளம்ப முடியவில்லை. "கர்த்தருடைய சித்தம்மா, தாங்கிக்கோ" என்று போனில் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம்தான் பேசுகிறாள்.

அக்டோபர் 11, வெள்ளி. ஒசாகா

வந்து சேர்ந்தோம். மெலிந்திருக்கிறாள். என்னிடம் "சாப்பிட்டீங்களாப்பா" தவிர வேறு பேச்சு இல்லை.

அக்டோபர் 16, புதன்

நாளை ஒரு புத்தர் கோயிலுக்கு வரச் சொல்கிறாள். சுற்றிப் பார்க்கவா என்றேன். "இல்லப்பா. நான் மாசாமாசம் போற இடம்."

மாசாமாசமா! முப்பது வருடம் சபைக் கமிட்டியில் இருந்தவன் மகளா? ரத்தினபாயிடம் சொன்னேன். "வாயத் தொறக்காம வாங்க, போதும்" என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

ரயிலில் ஒரு மணி நேரம், பிறகு ஏற்றம். கோயில் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுஜி அம்மாவுடன் உள்ளே போனாள்.

வேலி வழியாகப் பார்த்தேன். முழங்கால் உயரம்கூட இல்லாத கற்சிலைகள், நூற்றுக்கணக்கில். மொட்டைத் தலை, குழந்தை முகம், கழுத்தில் சிவப்புத் துணி. சிலவற்றுக்குக் கம்பளித் தொப்பி. ஒன்றின் முன்னால் பொம்மை கார். என் வயதுக்காரர் ஒருவர், ஆபீஸ் பையோடு வந்தவர், ஒரு சிலையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் விளங்கியது. எல்லாம் பிழைக்காமல் போன பிள்ளைகளுக்காக.

உள்ளே போனேன். சுஜி ஒரு சிலையின் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கும்பிடவில்லை.

"சாமின்னு நெனச்சு வரலப்பா" என்றாள், திரும்பாமலே. "அவனுக்குக் கல்லறை இல்ல. இங்க நான் போற சர்ச்லயும் சரி, தாம்பரத்துலயும் சரி, ஒருத்தர்கூட அவனப் பத்திக் கேக்கல. இவங்கதான் ஒரு இடம் குடுத்தாங்க."

அவனா? ஆண் பிள்ளை என்பதே எனக்குத் தெரியாது. கேட்டதில்லையே.

"பேர் வெச்சியாம்மா?"

"ஆரோன். அன்னிக்கு அதச் சொல்லத்தான் போன் பண்ணேன். நீங்க சித்தம்னு சொன்னீங்க. போன வெச்சிட்டேன்."

முட்டாள். தாவீது, நீ ஒரு முட்டாள்டா - ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். சுஜி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அக்டோபர் 18, வெள்ளி

கோயிலுக்குள் போனது பாவமா? யோசித்துப் பார்த்தேன். அங்கே என் விசுவாசம் கொஞ்சமும் குறையவில்லை. வெட்கம்தான் வந்தது.

நவம்பர் 3, ஞாயிறு. தாம்பரம்

ஆராதனை முடிந்ததும் போதகர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "என்ன தாவீது சார், புத்தர் கோயிலுக்கெல்லாம் போனீங்களா?"

"போனேன் ஐயா. என் பேரனுக்கு அங்க ஒரு இடம் இருக்கு."

முழுவதையும் சொன்னேன். அவர் அப்புறம் சிரிக்கவில்லை.

நவம்பர் 9, சனி

சபை சார்பாகக் கீழ்க்கட்டளையில் ஜெயக்கொடி வீட்டுக்குப் போனேன். அவர் மருமகளுக்குப் பிரசவத்தில் குழந்தை இறந்து பத்து நாள். "யார்கிட்டயும் பேச மாட்டேங்கறா சார், நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார். இப்படிப்பட்ட வீடுகளில் சொல்வதற்கு எனக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம். நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லாமல் மருமகள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பிள்ளைக்கு என்ன பேரும்மா?"

நிமிர்ந்து பார்த்தாள். "நிலா" என்றாள். பிறகு எடை எவ்வளவு, யார் ஜாடை, தலை நிறைய முடி என்று ஒரு மணி நேரம் பேசினாள்.

ஜெபிக்க மறந்தே போனேன். பஸ் ஸ்டாப்பில்தான் நினைவு வந்தது. அங்கேயே நின்று ஜெபித்தேன், இரண்டு பிள்ளைகளையும் பெயர் சொல்லி.