சொல்லாத விண்ணப்பம்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகன் ஹார்லனுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் நான் நலம். இங்கே ஆர்கன்சாவில் இந்த வாரம் உறைபனி. முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

நம் சபையில் எர்லீன் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறாள். தேவதூதர்களும் பிசாசுகளும் வருகிற, நீ எழுதும் தொடரை நிறுத்தச் சொல்லி டிவிக்காரர்களுக்கு அனுப்பும் மனு. "வெர்னா, எழுதினவனோட அம்மாவே கையெழுத்துப் போட்டுட்டா அவங்களால வாயத் தொறக்க முடியாது பாரு" என்றாள். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி, புதன்கிழமை வரை தவணை வாங்கினேன். நாலு நாளில் எல்லா வாரத்துக் கதையையும் பார்த்து முடித்தேன்.

வேதம் வாசிக்காத நாளே இல்லாத வீட்டில் வளர்ந்தவன் நீ. உன் காபிரியேல் தூதன் சாராயக் கடையில் சீட்டாடுகிறான். இருக்கிறவர்களிலேயே நல்ல சட்டை சாத்தானுக்கு! சிரிப்பு வந்த இடத்தில் சிரித்தேன், கர்த்தர் மன்னிப்பாராக. ஆனால் பரலோகத்தில் பிதாவின் ஆசனத்தைக் காலியாக வைத்திருக்கிறாய். பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட அவர் பதில் சொல்வதில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் அவரைக் காட்டினாயே, ஒரு கொட்டகையில், முகம் தெரியாமல், விதைக் கம்பெனித் தொப்பியோடு. அப்பாவின் அந்தத் தொப்பி இன்னும் நம் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.

"இந்தக் கண்றாவிய எழுதுறவன் என் வாசப்படி மிதிக்க வேணாம்" என்று அப்பா சொன்னது தப்பு. பக்கத்தில் பட்டாணி உரித்துக்கொண்டு வாயை மூடியிருந்தது என் தப்பு. ஏழு வருஷம் ஓடிவிட்டது. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தும், சபையார் போட்ட சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் போனாய்.

நீ எழுதியது வேதப்படி சரிதானா என்று பார்க்க, அப்பாவின் வேதாகமத்தை எடுத்தேன். வெளிப்படுத்தின விசேஷம் எட்டாம் அதிகாரத்தின் ஓரத்தில் பென்சில் எழுத்து: "எக்காளம் ஏழு. பையன் ஆறுன்னு போட்டுட்டான்." பக்கத்தில் தேதி. யோபிலும் தானியேலிலும் இன்னும் எத்தனையோ பக்கங்களிலும் அப்படியே. எல்லாம் வியாழக்கிழமைகள், உன் தொடர் வருகிற நாள். ரேடியோவில் பந்தாட்டம் கேட்கப் போகிறேன் என்று சொல்லிக் கொட்டகைக்குப் போவார், நானும் நம்பினேன். இப்போது போய்ப் பார்த்தால் அங்கே ஒரு சின்ன டிவி, மேலே அவருடைய பழைய சட்டையைப் போர்த்தி வைத்திருக்கிறார்.

கடைசித் தேதி, அவர் படுக்கையில் விழுந்ததற்கு முந்தின வாரம். யாக்கோபு தூதனைப் பிடித்துக்கொண்டு விடாத இடத்தில் எழுதியிருக்கிறார்: "இத நல்லா எழுதிட்டான். கூப்பிட்டுச் சொல்லணும்."

ஜெபக்கூட்டத்தில் நம் வழக்கம் உனக்குத் தெரியும். வெளியே சொல்ல முடியாத பாரம் இருந்தால் கையை மட்டும் தூக்கி, சொல்லாத விண்ணப்பம் என்போம். யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். ஏழு வருஷமாக நான் கை தூக்கினேன். இருந்தவரை அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து தூக்குவார். என்னவென்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. எப்பேர்ப்பட்ட முட்டாள்கள்!

இந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று உன் பெயரைச் சொன்னேன். என் மகன் வீட்டுக்கு வர வேண்டும், அவன் அப்பா சொல்லாமல் போனதை நான் சொல்ல வேண்டும், ஜெபியுங்கள் என்றேன். மனுவில் கையெழுத்துப் போடவில்லை. எர்லீன் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "வந்தான்னா சொல்லு, கோழி பொரிச்சு எடுத்துட்டு வர்றேன். ஆனா அந்தச் சாத்தான் சட்டையப் பத்தி நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்" என்றாள்.

உன் கதையில் பிதா இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார். அதை எப்படி முடிப்பாயோ, உன் இஷ்டம். எழுதுவதற்கு முன் வந்து இந்தப் பென்சில் எழுத்தைப் பார். தபாலில் அனுப்ப மாட்டேன்.

உன் போக்கைக் கர்த்தர் இத்தனை வருஷம் காத்தார். இனி வீட்டுக்குத் திரும்பும் உன் வரத்தைக் காப்பாராக.

உன் அம்மா,
வெர்னா