குளிர் அறையிலிருந்து வந்த குரல்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

பனிச்சரிவில் சறுக்கி விளையாடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எந்த வாக்கி டாக்கி நல்லது என்று எங்கள் கம்பெனியில் சோதிக்கிறோம். நேற்று என் அறைத்தோழி மோகனப்ரியா இரண்டு மாடல்களோடு குளிர் அறைக்குள் போனாள். கதவு சிக்கிக்கொண்டது. ஒரு மாடல் குளிரில் உடனே அணைந்துவிட்டது. மற்றதிலிருந்து அவள் என்னைக் கூப்பிடும் குரல், வெளியே என் கையில் இருந்த அதன் ஜோடியில் வந்தது.

"வேலு, கதவு தொறக்க மாட்டேங்குது. கையெல்லாம் வெறச்சிகினு போவுது. சீக்கிரம் வாடி!"

சூப்பர்வைசர் சிரித்தார். "வாய்ஸ் இன்னா கிளியரா கீது பாரு! இதையே எடுத்துக்கலாம். இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லு."

ஓடிப்போய் நான்தான் கதவை இழுத்துத் திறந்தேன். அவளுக்கு ஆபத்து ஒன்றுமில்லை, பயப்படாதே. சூப்பர்வைசர் சொன்னதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

உன் கம்பளிச் சால்வையை அனுப்பு. இந்த வெயிலிலும் அவளுக்கு நடுக்கம் விடவில்லை.

ஷிப்ட் பஸ் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "சத்தம் நல்லா கேக்கு" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடாதே அம்மா. நான் என்ன சொல்கிறேன் என்று கேள்.

வேல்விழி