‘வலி’ கார்டு

ஜூலை 8, செவ்வாய்
காலையிலேயே புழுக்கம். மழை வருவது போல் காட்டிவிட்டு ஏமாற்றியது. மாக் மண்டின் அச்சகத்திலிருந்து கார்டுகள் வந்துவிட்டன. சின்னப் பிள்ளைகளுக்கான சைகை மொழிப் படக்கார்டு, எங்கள் வீட்டுத் தொழிலின் முதல் செட். முன் ஹாலில் கால் வைக்க இடமில்லை. வெட்ட வேண்டும், மூலைகளை வளைக்க வேண்டும், வளையம் மாட்ட வேண்டும். திங்களன்று பட்டர்வொர்த் பாலர் பள்ளியில் காது கேளாத பிள்ளைகளுக்கு வகுப்பு ஆரம்பம்.

படத்தில் இருப்பவை என் கைகள். நான் செய்து காட்ட, இவர் போட்டோ எடுத்து அதன் மேல் வரைந்தார். மகள் யாழினிக்குக் கோலாலம்பூரில் பரீட்சை, தொந்தரவு வேண்டாம். காது கேளாத மகளோடு அவள் பிறந்ததிலிருந்து சைகையில் பேசுகிறேன், எனக்குத் தெரியாததா?

நகமெல்லாம் படத்தில் அழகாக விழுந்திருக்கிறது. “நெயில் பாலிஷ் விளம்பரமா?” என்கிறார். பொறாமை.

மறக்காமல்: மீன், ரப்பர் பேண்ட், லாமினேட் பிளாஸ்டிக்.

ஜூலை 9, புதன்
ஃபெரியில் நல்ல காற்று. பாலர் பள்ளி லிம் டீச்சரிடம் ஒரு செட் காட்டினேன். அவருக்கும் காது கேட்காது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ‘வலி’யில் நின்றுவிட்டார். படத்தில் நான் முழங்கையைக் கிள்ளுகிறேன். கைப்பேசியில் மலாயில் தட்டிக் காட்டினார்: இது வலி இல்லையே. வயிறு வலிக்கிற பிள்ளை இதைச் செய்தால் டாக்டர் முழங்கையைத்தானே பார்ப்பார்?

யாழி சின்னதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை கிழிந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த வலிக்கும் அதுதான். தலைவலிக்கும் முழங்கையைக் கிள்ளிவிட்டுத்தான் தலையைக் காட்டுவாள். ஊருக்கே அதுதான் சைகை என்று நினைத்து அச்சடித்திருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

இவர்: “ஒரு கார்டுதானே லா. மேல ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிரலாம்.”
“ஒன்னு தப்புன்னா மத்தது மட்டும் சரியா இருக்குமா? யாரோட பிள்ளைக்கோ வலிச்சா, எங்க வலின்னு டாக்டர் எங்கங்க போயி தேடுவாரு?”
இவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். வெட்டும் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி
பரீட்சை முடிந்தது. யாழி வீடியோவில். ஒவ்வொரு கார்டாகக் காட்டினேன். சரி என்றால் தலையாட்டினாள், தப்பென்றால் கையால் ஓரம் தள்ளச் சொன்னாள். ஓரம் தள்ளியது கைக்குள் அடங்கவில்லை. பயம், வெட்கம், அத்தை, கோபம். எல்லாம் எங்கள் சமையலறையில் பிறந்தவை.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று தட்டிக் கேட்டேன். மலாயில் பதில் வந்தது: ஸ்கூலில் வேறு மாதிரி பேசுவேன் மா. வீட்டில் நம்ம சைகை. உங்களோடு பேச அது போதும்.

போதுமாம். சிங்கில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முடிவு: தப்பான கார்டு ஒன்றுகூடப் போகாது. யாழி நாளை ரயில் ஏறுகிறாள், இனி படத்துக்கு அவள்தான். லிம் டீச்சர் பெற்றோருக்கு நடத்தும் சைகை வகுப்பில் என் பெயர். இவர் பெயரும். இன்னும் இவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
ஒருவழியாக மழை. நேற்று மதியம் வந்தவளை உட்கார வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தோம். முகமும் படத்தில் வேண்டும் என்று யாழி பிடிவாதம். புருவம் சுருங்காவிட்டால் அது கோபமே இல்லையாம். நான் கைகளை மட்டும்தான் காட்டியிருந்தேன். இவர் வரைந்து வரைந்து கண் சிவந்துவிட்டது. வீட்டுப் பிரிண்டரிலேயே அடித்தோம்.

“கிளாஸ்ல எம் பேரையும் குடுத்துட்டியா? ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?”
“கேட்டா வேணாம்னுவீங்க.”
“வேணாம்னுதான் சொல்வேன்,” என்று சொல்லிவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

சாயங்காலம் லிம் டீச்சர் வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தார். ஒன்றையும் ஓரம் தள்ளவில்லை. நாளை காலை செட் போகும். பிறகு அவரும் யாழியும் பேச ஆரம்பித்தார்கள். கை, தோள், புருவம் எல்லாம் பறக்கிறது. டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். என் மகள் இப்படி ஒரு வாயாடி என்று எனக்குத் தெரியாது. தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டே இருந்தேன்.

டீச்சர் போனதும், என்னிடமும் அப்படியே பேசு என்றேன். தயங்கினாள். பேசினாள். ஒன்றும் புரியவில்லை. மறுபடி என்றேன். பிறகு மெதுவாக, இடையிடையே எழுதியும் காட்டினாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் பேச ஆளில்லாமல் தினமும் குளியலறையில் போய் அழுதாளாம். அப்போதும் வீடியோவில் தினமும் கேட்டேனே, எப்படி இருக்கிறாய் என்று. கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாள். எங்கள் வீட்டுச் சைகையில் அதற்கு மேல் சொல்ல அவளுக்கு ஒன்றும் இருந்ததில்லை.

இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். கட்டை விரல் மேலே வந்தது. பிடித்து மடக்கினேன். முழுசாகச் சொல் என்பதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.