கட்டில் கம்பியில் வந்த தந்தி

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே நலம் இல்லை. உன் நலத்தை அறிய இன்றைக்கு ஆவலும் இல்லை.

நேற்றுக் காலை ரயிலை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது, நினைவும் இல்லை என்று நீ எழுதியதை நம்பித்தான் போனேன். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது உண்மை. நல்லபடி இருந்த இடது கையைத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது.

நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "உங்க அண்ணன் வந்தப்ப உங்க அப்பா இந்தக் கையால கம்பியைத் தட்டிக்கிட்டே இருந்தாரு. அண்ணன்தான் கையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இது நரம்பு நடுக்கம், கட்டி வைங்கன்னு சொன்னாரு."

நரம்பு நடுக்கமா? முடிச்சை அவிழ்த்ததும் அவர் விரல் கம்பிக்குத்தான் போனது. நகத்தால் தட்டினால் குட்டை, இழுத்தால் நெட்டை. முப்பது வருஷம் தந்தி ஆபீஸில் இருந்தவர், சாப்பாட்டுத் தட்டில் தட்டித் தட்டி நம் இருவருக்கும் சொல்லிக்கொடுத்த பாஷை. அம்மா உயிரோடு இருந்தபோது, அவளுக்குப் புரியாது என்று அவள் எதிரிலேயே அவள் குழம்பைக் கிண்டலடித்துத் தட்டியவன் நீ. உனக்கா புரியவில்லை?

முதலில் ஒரு நெட்டை, இரண்டு குட்டை. உன்னைக் கூப்பிட நம் வீட்டில் வைத்திருந்த குறி. பிறகு, 'வீட்டுக்குக் கூட்டிப் போ.' மறுபடி உன் குறி, மறுபடி அதே செய்தி. பதில் வரும்வரை அனுப்புகிறவன் நிறுத்தக் கூடாது என்பது அவர் ஆபீஸ் சட்டம். 'பெற்றுக்கொண்டேன்' என்று நீ ஒரு தரம் தட்டியிருந்தால் போதும், ஓய்ந்திருப்பார். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, கையைக் கட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். உனக்கு நெஞ்சில் ஈரம் என்று ஒன்று இருக்கிறதா?

அவர் உன் வீட்டுக்கு வரக் கேட்கவில்லை. அண்ணி பயப்பட வேண்டாம். தன் வீட்டுக்குத்தான் போகக் கேட்கிறார். நான் லீவு போட்டு வந்திருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன். ஆனால் சாவி உன்னிடம். கொண்டுவந்து சேர்த்தவர் கையெழுத்துப் போடாமல் அனுப்ப முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்கிறார்.

இன்று மதியம் அவர் நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. நான் வந்திருக்கிறேன் என்று என் குறியைப் போட்டுத் தட்டினேன். கேட்டுக்கொண்டார். திரும்பவும் உன் குறிக்கே போய்விட்டார். பொறுக்க முடியவில்லை. அவர் கண்ணை மூடியிருந்த வேளையில் உன் குறியைப் போட்டு, 'பெற்றுக்கொண்டேன், வருகிறேன்' என்று நானே தட்டினேன். விரல் நின்றது. அப்படியே தூங்கிவிட்டார்.

அப்பாவிடம் நான் சொன்ன முதல் பொய் அது. அதற்கும் சேர்த்து உன்மேல்தான் கோபம்.

எழுந்ததிலிருந்து அவர் தட்டவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் வா. வந்ததும் டாக்டரிடம் போகாதே, என்னிடமும் பேசாதே. முதலில் அந்தக் கம்பியைத் தட்டு.

கோபம் தீராத,
உன் தங்கை